அடைபட்ட காற்று

பறவையைப் போல வானில் பறக்க வேண்டும் என்பது மனிதன் நெடுங்காலமாகக் கொண்டிருந்த வேட்கை. அவ்வேட்கை நிறைவேறத் தொடங்கிய காலத்திலேயே அதனால் உடலுக்கு நேரும் இடரும் வெளிப்படலாயிற்று. 1783ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள், சார்லஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூனில் துணைவர் ஒருவருடன் பாரிஸ் நகரிலிருந்து புறப்பட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இனிதே பறந்து, கதிரவன் மறையும் வேளையில் ஒரு சிற்றூரின் அருகே இறங்கினார். துணைவர் இறங்கிக்கொண்டார். சுமை குறைந்த பலூன், சார்லஸை மட்டும் ஏந்தி விரைந்து மேலெழுந்தது. ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், மறைந்த கதிரவனை அவர் மீண்டும் கண்டு களித்தார். ஆனால் களிப்பு நீடிக்கவில்லை. அவருடைய செவியில் கடுமையான வலி உண்டாயிற்று. வாயுவை வெளியேற்றிக் கீழே இறங்கினார். அதன்பின் அவர் ஒருநாளும் பலூனில் பறந்தார் அல்லர்.

அவ்வலிக்குக் காரணம் யாது? நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கின்றோம். நம்மைச் சூழ்ந்துள்ள காற்று எப்பக்கமும் நம்மை அழுத்திக்கொண்டே இருக்கிறது. கடல் மட்டத்தில் அவ்வழுத்தம் 760 மில்லிமீட்டர் உயரமுள்ள பாதரசத்தைத் தாங்க வல்லது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறையும். 1648ஆம் ஆண்டில் பாஸ்கல் என்னும் அறிஞர், பாதரசக் குழாயுடன் தம் தமக்கையின் கணவரை ஒரு மலைமீது ஏறச் செய்து இவ்வுண்மையை நிலைநாட்டினார். அடிவாரத்தில் நின்றதைவிட மலையுச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து நின்றது. அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், மிகுந்தால் சுருங்கும்.

நம் தலைக்குள்ளும் காற்று நிறைந்த அறைகள் உள்ளன. செவிப்பறைக்குப் பின்னால் இருப்பது நடுச்செவி. நெற்றியிலும், கன்னங்களிலும், கண்களுக்கு இடையிலும், மூக்கின் பின்புறத்து எலும்பிலும் நான்கு இணை அறைகள் உள்ளன. இவற்றைச் சைனஸ் என்பர். இவை குறுகிய வாயில்கள் வழியே மூக்கினுள் திறக்கின்றன. நடுச்செவியைத் தொண்டையின் மேற்பகுதியோடு ஒரு சிறு குழல் இணைக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூஸ்டேக்கி என்னும் இத்தாலிய உடற்கூற்று அறிஞரின் பெயரால் அது யூஸ்டேக்கியன் குழல் என வழங்குகிறது. வளர்ந்தோர்க்கு அதன் நீளம் ஏறத்தாழ மூன்றரைச் சென்டிமீட்டரே. அது பெரும்பாலும் மூடியே இருக்கும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் நொடிப்பொழுது திறந்து, உள்ளழுத்தத்தையும் வெளியழுத்தத்தையும் சமன் செய்யும்.

இக்காலப் பெரிய வானூர்திகள் 10,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறக்கின்றன. அங்கே மனிதன் உயிர் வாழப் போதிய காற்றழுத்தம் இல்லை. ஆதலின் பயணிகள் அறைக்குள் காற்றைச் செலுத்தி அழுத்தத்தை உயர்த்தி வைக்கின்றனர். ஆயினும் அது தரையிலுள்ள அழுத்தத்துக்கு ஈடாவதில்லை. பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் வரை உயரமுள்ள மலையில் இருக்கும் அழுத்தமே அங்கும் இருக்கும். எனவே காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, வானூர்தியில் அமர்ந்திருப்பவர் உதகமண்டலத்தில் அமர்ந்திருப்பவரை ஒப்பர். மலைப்பாதையில் பேருந்து ஏறி இறங்கும்போது காது அடைத்துத் திறப்பதை உங்களுள் சிலர் உணர்ந்திருக்கலாம். அங்கே சில மணி நேரத்தில் நிகழும் மாற்றம் வானூர்தியில் அரைமணி நேர அளவில் நிகழ்ந்துவிடுகிறது.

வானூர்தி மேலே ஏறும்போது நடுச்செவியிலுள்ள காற்று விரியும். அது குழலைத் தள்ளித் திறந்து பெரும்பாலும் எளிதில் வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் இடர் மிகுதி. அப்பொழுது வெளியழுத்தம் உயரும். குழலின் தொண்டைப் பக்கத்து முனை மென்மையானது. ஆதலால் உயர்ந்த அழுத்தம் அதனை மேலும் இறுக மூடிவிடும். செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு வலி எடுக்கும், காதும் மந்தமாகும். சளி பிடித்தவர்க்கோ மூக்கின் உட்சவ்வு வீங்கிச் சைனஸ் வாயில்களும் அடைபட்டிருக்கும். அவர்க்கு நெற்றியிலும் கன்னத்திலும் ஊசியால் குத்துவது போன்ற வலி தோன்றும். சிலவேளை மூக்கிலிருந்து குருதி கசியும். அரிதாகச் செவிப்பறை கிழிவதும் உண்டு.

இவ்விடரைக் குறைக்கும் வழிகள் எளியவை. தரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் முன்பே வானூர்தி தாழத் தொடங்கும். அப்பொழுது உறங்குதல் ஆகாது. உறங்குவோர் அடிக்கடி விழுங்குவதில்லை. மிட்டாயைச் சுவைக்கலாம், நீரைச் சிறிது சிறிதாகப் பருகலாம், கொட்டாவி விடலாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தல் நன்று. தன் நோவை இன்னதென்று சொல்ல அறியாத அதற்கு, பால் விழுங்குவதே மருந்தாகும்.

மற்றொரு முறையும் உண்டு. 1704ஆம் ஆண்டில் வெளிவந்த செவி பற்றிய தம் நூலில் வால்சால்வா என்னும் இத்தாலிய மருத்துவர் அதனை விளக்கினார். மூக்கை விரல்களால் பிடித்து, வாயை மூடிக்கொண்டு, மூச்சை மெல்ல ஊத வேண்டும். 'மெல்ல' என்னும் சொல்லை மறத்தல் கூடாது. வலிந்து ஊதினால் செவிக்குள் ஊறு நேரலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவது இதனினும் மென்மையான முறையாகும்.

வானூர்தியினுள் இருக்கும் காற்று மிக வறண்டது. உப்புநீர்த் துளிகள் மூக்கை ஈரமாக வைத்திருக்கும். மூக்கடைப்பை நீக்கும் தெளிமருந்தை மருத்துவரின் அறிவுரைப்படி, வானூர்தி இறங்குவதற்குச் சற்று முன்னர்ப் பயன்படுத்தலாம். ஆனால் அதனைப் பல நாட்கள் தொடர்ந்து பயன்படுத்தினால் அடைப்பு முன்னினும் மிகும். அடைப்பை நீக்கும் மாத்திரைகளுள் சில குருதியழுத்தத்தை உயர்த்தும். ஆகவே அந்நோய் உடையவர் மருத்துவரைக் கேளாமல் அவற்றை உண்ணலாகாது.

கடுஞ்சளியோ, சைனஸ் அழற்சியோ, காதுநோயோ உள்ளவர் பயணத்தை ஒத்திவைத்தலே அறிவுடைமை. சீட்டுக்குக் கொடுத்த பணத்தை எண்ணித் துணிந்து புறப்படுவோர் உளர். இழந்த பணத்தை மீண்டும் ஈட்டலாம். கெட்ட செவியை மீட்பது அத்துணை எளிதன்று. வானூர்தியை ஓட்டுவோரும் கடுஞ்சளி உள்ளபோது பறத்தல் கூடாது என்பது வானூர்தி மருத்துவத்தின் அறிவுரை. தரையிறங்கிய பின்னரும் வலியோ செவிட்டுத்தன்மையோ நீங்காவிடில், அல்லது காதிலிருந்து நீரோ குருதியோ வடியின், காலம் தாழ்த்தாது மருத்துவரை அணுக வேண்டும்.

விரைவாகச் செல்லும் ஊர்திகளை மனிதன் படைத்துக்கொண்டான். அவன் உடலோ மண்ணில் நடந்த காலத்தில் இருந்த அதே உடல்தான். அதன் சிறு வாயில்கள் திறக்கவும் மூடவும் வேண்டிய பொழுதை அதற்கு அளித்துப் பயணம் செய்தலே நலம் பயக்கும்.