குழுச் செலுத்தத்தில் சுமைப் பகிர்வும் மாற்றுவழியும்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு இரண்டு மலைச்சாலைகள் உள்ளன. முதலாவது 1944ஆம் ஆண்டிலும், இரண்டாவது 1974ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. வழக்கமாக ஒன்றில் வண்டிகள் ஏறுகின்றன, மற்றதில் இறங்குகின்றன. இது சுமைப் பகிர்வு ஆகும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் பெருமழையால் ஏறுசாலையில் பாறைகள் சரிந்தபோது, இறங்குசாலை ஏறும் வண்டிகளுக்கும் இடமளித்தது. இது மாற்றுவழி ஆகும். கணினி வலைகளிலும் இவ்விரண்டும் இன்றியமையாதவை.

திருப்பதியில் நடைபெறும் ஒரு பாடத்தைச் சித்தூர்ப் பகுதியிலுள்ள 100 பள்ளிகள் ஒரே நேரத்தில் காண்பதாகக் கொள்வோம். அப்பாடத்திற்கு விநாடிக்கு 2 மெகாபிட் தேவை எனின், பள்ளிக்கு ஒரு படியாக அனுப்பும்போது புறப்படும் கம்பியில் 200 மெகாபிட் சுமை ஏறும். மல்டிகாஸ்ட் எனப்படும் குழுச் செலுத்தத்தில் ஒரு படியே புறப்படுகிறது. வழி பிரியும் இடங்களில் மட்டும் ரூட்டர்கள் அதைப் படியெடுக்கின்றன. எனவே முதற்கம்பியின் சுமை 2 மெகாபிட்டே. இம்முறையின் அடிப்படை விதிகளை ஸ்டீவ் டீரிங் 1989ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். 224 முதல் 239 வரையிலான எண்களில் தொடங்கும் முகவரிகள் இத்தகைய குழுக்களுக்கு உரியவை.

படிகள் வலையினுள் சுழன்று பெருகாதிருக்க ஒரு காப்பு விதி உண்டு. செய்தி பிறந்த இடத்திற்குத் திரும்பிச் செல்லும் வழி எதுவோ, அவ்வழியாக வரும் படியை மட்டுமே ரூட்டர் ஏற்கும்; பிறவற்றைத் தள்ளிவிடும். இதனால் ஓர் இடர் விளைகிறது. சமமான இரண்டு வழிகள் இருப்பினும், ரூட்டர் ஒன்றையே தேர்ந்து எல்லாப் பாடங்களையும் அதன்மேல் ஏற்றக்கூடும். மற்றது வாளா கிடக்கும். அனுப்புநர் முகவரியையும் குழு முகவரியையும் கொண்டு கணக்கிட்டு, சில பாடங்களை ஒரு வழியிலும் சிலவற்றை மறு வழியிலும் பிரித்து விடுதல் இதற்குப் பரிகாரம். ஒரே பாடத்தை இரு வழிகளிலும் துண்டாடுதல் கூடாது. துண்டுகள் வரிசை மாறிச் சேரும்.

அனுப்புவோரும் பெறுவோரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளக் கூடுமிடமாக ஒரு ரூட்டர் விளங்குகிறது. அது பழுதுற்றால் புதிய பள்ளிகள் குழுவில் சேர இயலாது. ஆகவே இரண்டு ரூட்டர்களுக்கு ஒரே முகவரியை அளித்து, ஒன்று அறிந்த அனுப்புநரை மற்றதும் அறியச் செய்யும் முறை 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு பள்ளியின் வேண்டுகோளும் அண்மையிலுள்ள கூடுமிடத்தைச் சேரும். ஒன்று வீழின் மற்றது ஏற்கும்.

களப்பணியாளர் மூன்று செய்திகளை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

முதலாவது: தலா 100 மெகாபிட் கொள்ளும் இரு வழிகளில் 80 வீதம் சுமை ஏற்றியிருப்பின், ஒன்று அறுந்தவுடன் 160 மெகாபிட்டை ஒரே வழி தாங்காது. மொத்தச் சுமை ஒரு வழியின் கொள்ளளவுக்குள் அடங்கினால்தான் மாற்றுவழி உண்மையில் பயன்படும்.

இரண்டாவது: இரு கம்பிகளும் ஒரே பள்ளத்தில் புதைந்திருப்பின், ஒரு மண்வாரி இயந்திரம் இரண்டையும் அறுத்துவிடும். வெவ்வேறு தடங்களில் செல்வனவே இரு வழிகள் எனப்படும்.

மூன்றாவது: வழி மாறும் இடைவெளியில் இழக்கப்பட்டவை பொதுவாக மீண்டும் அனுப்பப்படுவதில்லை. பாடத்தில் சில சொற்கள் விடுபடின் ஆசிரியர் திரும்பக் கூறலாம். வெள்ள எச்சரிக்கையில் அவ்வாறு இயலாது. அத்தகைய செய்தியை இரு தடங்களிலும் ஒருங்கே அனுப்பி, பெறுமிடத்தில் வரிசை எண்ணைக் கொண்டு மிகைப்படியை நீக்குதல் தக்கது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், முன்னறிவிப்புடன் ஒரு கம்பியைக் கழற்றி, எல்லாப் பள்ளிகளுக்கும் செய்தி சென்று சேர்கிறதா என்பதைச் சோதித்தல் நன்று. வழி மாற எத்தனை விநாடி ஆயிற்று என்பதையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.