பழைய காரும் பெட்ரோல் வாடையும்

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் மைனர் போன்ற பழைய கார்களை இன்றும் அருமையாகப் பேணி வருவோர் நம்மிடையே உண்டு. ஜார்ஜ்டவுன் சுங்கை பினாங் வட்டாரத்தைப் போல வீடுகள் நெருங்கிய இடங்களில், இத்தகைய கார் வீட்டோடு ஒட்டிய கொட்டகையிலேயே நிற்கும். அங்கே பெட்ரோல் வாடை நீங்காதிருந்தால் அதைப் பழைய காரின் குணம் என்று எண்ணி விட்டுவிடலாகாது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலெழும்பிக் கலையாமல் தரையோடு படிந்து, கதவிடுக்கு வழியே வீட்டுக்குள்ளும் புகும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு கலந்தாலே தீப்பற்றப் போதும். சாமி விளக்கு, கொசுவர்த்தி, மின்விசையைத் தட்டும்போது எழும் சிறு பொறி ஆகிய எதுவும் அதற்குக் காரணமாகலாம். ஆகவே வாடை கடுமையாக இருந்தால் விளக்கைப் போடாமல், இயந்திரத்தை முடுக்காமல், கதவுகளைத் திறந்து காரை வெளியே தள்ளி நிறுத்துவதே முதல் வேலை. சிறிது நேரத்தில் மூக்கு பழகிப்போய் வாடை தெரியாமற் போகும். அதை நம்ப வேண்டாம்.

ஓடி வந்து நிறுத்திய அரைமணி நேரம் வரை மெல்லிய வாடை வருவது இயல்பு. இயந்திரச் சூட்டில் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஆவியாகிறது. ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டி அக்காலக் கார்களில் இல்லை. அமெரிக்காவிலேயே 1970ஆம் ஆண்டையொட்டித்தான் அது வந்தது. ஆனால் மறுநாள் காலையிலும் வாடை இருந்தால் எங்கோ கசிகிறது என்றே கொள்ள வேண்டும்.

இரவில் காரின் அடியில் ஓர் அகன்ற அட்டையை விரித்து வைத்தால், சொட்டு விழும் இடம் காலையில் கறையாகத் தெரியும். கறை இல்லையெனில் தொட்டியின் மூடியிலுள்ள வளையத்தையும் தொட்டியோடு சேரும் குழாயையும் பார்க்க வேண்டும். தொட்டியை நிரப்பிய நாளில் மட்டும் வாடை வருமானால் குறை பெரும்பாலும் அங்கேதான்.

மோரிஸ் மைனரின் மின்சார எண்ணெய்ப் பம்பு தானே துப்புச் சொல்லும். ஈரக் கசிவு எதுவும் கண்ணுக்குத் தெரியாத நிலையில், காரை வெட்டவெளியில் வைத்துச் சாவியைத் திருப்பினால், பம்பு சில முறை ‘டிக், டிக்’ என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் அடங்க வேண்டும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், பெட்ரோல் வெளியேறுகிறது, அல்லது குழாயில் காற்றுப் புகுகிறது, அல்லது பம்பே பழுது. இயந்திரத்தால் இயங்கும் பம்பு கொண்ட கார்களில் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்தால், பெட்ரோல் இயந்திர எண்ணெயில் கலக்கும். அளவுகோலை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வீசி, எண்ணெயின் மட்டமும் உயர்ந்திருந்தால் காரை ஓட்டவே கூடாது.

அடுத்தது ரப்பர்க் குழாய். நம் தோட்டங்களில் பால் வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர் டயருக்கு ஈடிணையற்றது. பெட்ரோலுக்கு மட்டும் ஆகாது. அதில் ஊறி உப்பி வலுவிழந்துவிடும். அதனால் பெட்ரோல் குழாய்களுக்கு நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரையே பயன்படுத்துகின்றனர். அதுவும் ஆண்டுக்கணக்கில் சூடுபட்டால் வெடிக்கும். கையால் வளைத்தால் கீறல் தெரியும் குழாயை உடனே மாற்ற வேண்டும். தண்ணீர்க் குழாயை வெட்டிப் பொருத்துவது மலிவு போலத் தோன்றும். சில நாளில் அதுவே கசியும்.

வெள்ளம் கண்ட வட்டாரங்களில் இன்னொன்றும் உண்டு. 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பெய்த பெருமழையில் ஜார்ஜ்டவுனின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய காரின் தொட்டிக்குள் நீர் புகுந்திருந்தால், அது பெட்ரோலைவிடக் கனமாதலால் அடியில் தங்கித் தகட்டை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். உதிர்ந்த துரு கார்புரேட்டரின் ஊசி அடைப்பானில் சிக்கினால், அது முழுவதும் மூடாமல் கிண்ணம் வழியும். கார்புரேட்டரைக் கழுவினால் வாடை நிற்கும். தொட்டியைக் கழுவாவிட்டால் மீண்டும் வரும்.

தொட்டியில் ஊசித்துளை விழுந்திருந்தால் அதைக் கழற்றிப் பற்றவைக்கச் சிலர் முனைவர். பெட்ரோலை வடித்துவிட்டதால் ஆபத்தில்லை என்று எண்ணுவது பெருந்தவறு. நிரம்பிய தொட்டியைவிட ஆவி நிறைந்த காலித் தொட்டியே எளிதில் வெடிக்கும். அவ்வேலையை, தொட்டியிலிருந்து ஆவியை முற்றும் அகற்றத் தெரிந்த பட்டறையில் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.