அச்சு வரைபடத்தில் படம் சேர்ப்பது எப்படி?

நள்ளிரவில் 108-ஐ அழைத்துவிட்டு, வழி சொல்லத் தடுமாறுகிறோம். மதுரை–தென்காசி சாலையிலிருந்து நம் தெருக்களுக்கு வழிகாட்டும் வரைபடத்தை, ‘கியூஜிஐஎஸ்’ எனும் இலவச மென்பொருளில் நம் பிள்ளைகளே தயாரிக்கலாம்.

1. ‘பிரிண்ட் லேஅவுட்’ திறந்து, வரைபடத்தைச் சேருங்கள்.

2. ‘ஆட் பிக்சர்’ அழுத்தி, தாளில் கட்டம் வரைந்து, படக்கோப்பைத் தேர்ந்தெடுங்கள்.

3. சின்னங்களுக்கு எஸ்விஜி கோப்பு நல்லது, பெரிதாக்கினாலும் மங்காது.

4. புகைப்படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. 2 அங்குல அகலத்துக்கு 600 பிக்சல். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் வேண்டாம். அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

5. வடக்கு அம்புக்குறிக்கு ‘சிங்க் வித் மேப்’ தேர்வு செய்யுங்கள். வரைபடத்தைத் திருப்பினால் அம்பும் திரும்பும்.

கவனம்: இப்படிச் சேர்த்த படம் தாளில்தான் நிற்கும், வரைபடத்தை நகர்த்தினால் கூடவே நகராது. எனவே மருத்துவமனை, பள்ளிவாசல் குறிகளை வரைபட அடுக்கிலேயே இடுங்கள். இடம் மாறிய ஒரு குறி, ஆம்புலன்ஸை வேறு தெருவுக்கு அனுப்பிவிடும்.