செயினுக்குப் புது ஆயில், பேரலுக்குப் பழைய ஆயில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் விடும் நேரம் ஜி.என்.டி. சாலையோரம் நின்று பாருங்கள். ஆரம்பாக்கம், கவரைப்பேட்டை, பொன்னேரி, செங்குன்றம் என்று நாலா பக்கமும் பைக்குகள் கிளம்பும். அவற்றில் கரகரவென்று போகிறவை எவை என்று காதே சொல்லிவிடும். இரும்பாலைத் தூசி, லாரிகள் கிளப்பும் மண், பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக் காற்று மூன்றும் சேர்ந்து இங்கே செயினைச் சீக்கிரம் தின்றுவிடுகின்றன.

ஐடிஐ முடித்து இந்தப் பக்கம் டூவீலர் பட்டறை போட நினைப்பவருக்கு இது நல்ல சகுனம். வேலை தானே தேடி வரும். ஆனால் பல கடைகளில் செயினுக்கு நடக்கும் வைத்தியம் ஒன்றுதான்: எஞ்சினிலிருந்து அப்போதுதான் இறக்கிய கறுப்பு ஆயிலை ஆயில் கேனில் பிடித்து நாலு சொட்டு விடுவது. மீதி ஆயில் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டையும் ஒழுங்கு செய்ய முதல் அதிகம் தேவையில்லை. செய்கிற பட்டறை மட்டும் தனியாகத் தெரியும்.

கறுப்பு ஆயில் ஏன் ஆகாது?

"காய்ந்து கிடப்பதற்கு இது மேல் இல்லையா அண்ணே?" என்று வாடிக்கையாளர் கேட்பார். அன்றைக்கு மேல்தான், சத்தம் அடங்கும். ஆனால் ஓடி முடித்த எஞ்சின் ஆயிலில் கரி, எரியாத பெட்ரோல், அமிலம், தேய்ந்த உலோகத் துகள் எல்லாம் கலந்திருக்கும். அழுக்கு எஞ்சினுக்குள் படியாமல் ஆயிலோடு மிதந்து வெளியே வரவேண்டும் என்பதற்காகவே அதில் டிடர்ஜென்ட் சேர்க்கிறார்கள். ஆகவே நன்றாக உழைத்த ஆயில்தான் அதிக அழுக்கைச் சுமந்து வரும்.

அந்த அழுக்கு செயினில் எங்கே போகிறது என்று பாருங்கள். செயின் தேய்வது வெளியே தெரியும் தகட்டில் அல்ல; உள்ளே பின்னும் புஷ்ஷும் உரசும் இடத்தில். சாதாரண பைக் செயினில் நூற்றுச் சொச்சம் லிங்க் இருக்கும். ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மொத்தச் செயின் ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். செயின் 'இழுத்துக்கொண்டது' என்று நாம் சொல்வது இந்தத் தேய்மானத்தைத்தான். இரும்பு எதுவும் நீளவில்லை.

தவிர, எஞ்சின் ஆயில் இளக்கமானது. வண்டி வேகமெடுத்ததும் செயினை விட்டுத் தெறித்துப் பின் டயரில் விழும். மழை நாளில் தச்சூர் கூட்டுச் சாலை வளைவில் டயரில் ஆயில் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

செயின் சர்வீஸ்: செய்முறை

1. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டுச் செயினைத் துடைக்கப்போய் விரலை இழந்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

2. மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனரில் மென்மையான பிரஷ்ஷைத் தோய்த்துத் தேயுங்கள். பெட்ரோல் வேண்டாம்: தீப்பிடிக்கும், ஓ-ரிங் செயினின் ரப்பரையும் கெடுக்கும். கம்பி பிரஷ்ஷும் கூடாது. கீழே ஒரு தட்டு வைத்தால் அழுக்கு மண்ணில் சொட்டாது.

3. துணியால் துடைத்து, ஈரம் போகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் விட்ட ஆயில் உள்ளே இறங்காது.

4. எஸ்ஏஇ 90 கியர் ஆயில், அல்லது செயினுக்கென்றே வரும் லூப் விடுங்கள். ஓ-ரிங் செயினாக இருந்தால், ஸ்பிரே டப்பாவில் ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஆயிலை விட வேண்டிய இடம் கீழ்ச் செயினின் உட்பக்கம். சுற்றும் வேகத்தில் அது வெளிப்பக்கம் நோக்கித் தானே ஊறிவிடும். ஓடி வந்த சூட்டோடு விட்டால் இன்னும் நன்றாக இறங்கும்.

5. பத்து நிமிடம் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வெளியே பிசுபிசுக்கும் ஆயில் தூசியை இழுத்து அரைக்கும் பசையாகிவிடும்.

முழு செயின் கவர் உள்ள வண்டிகளைப் பலர் திறப்பதே இல்லை. கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே விரல் விட்டு லூஸ் பார்க்கலாம், ஆயிலும் விடலாம். வாடிக்கையாளரையும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். தன் வண்டியில் அப்படி ஒரு மூடி இருப்பதே பலருக்குத் தெரியாது.

இந்த வேலையைச் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்யலாம். செங்குன்றத்திலிருந்து தினம் வந்துபோகிறவருக்கு அது பத்து நாள் ஓட்டம்கூட ஆகாது. மழையில் நனைந்து வந்தால் கணக்குப் பார்க்காமல் உடனே செய்ய வேண்டும்.

லூஸ், லாக், ஸ்பிராக்கெட்

செயினின் ஆட்டம் பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டருக்குள் வரும். சரியான அளவு கையேட்டில் அல்லது ஸ்விங்ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு எழக்கூடாது. சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பார்த்து, அதிகம் இறுகிய இடத்தை வைத்து அளவு கொடுங்கள். 'டைட்டா வைங்க' என்பவர் பேச்சைக் கேட்டு இறுக்கினால் கியர்பாக்ஸ் பேரிங் பலியாகும். இரு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒன்றுபோல நிற்கட்டும். ஆக்ஸில் நட்டை முறுக்கியபின் பின் பிரேக் பிளேயையும் பாருங்கள். சக்கரம் நகர்ந்தால் அதுவும் மாறும்.

செயின் லாக்கின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது இடித்து லாக் கழன்று போகலாம்.

மாற்றும் நேரத்தை ஊகிக்க வேண்டாம், அளந்து சொல்லுங்கள். 428 செயினில் ஒரு லிங்க்கின் அளவு 12.7 மில்லிமீட்டர். இழுத்துப் பிடித்து 20 லிங்க்கை அளந்தால் 254 வர வேண்டும். 259-ஐத் தொட்டால் 2 விழுக்காடு நீண்டுவிட்டது என்று பொருள். புதிது போட்டே ஆக வேண்டும். ஸ்பிராக்கெட் பல் ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்தாலும் அப்படித்தான். செயினையும் இரு ஸ்பிராக்கெட்டையும் செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் நிற்காது. இதற்கு வெளி மாநிலம் போக வேண்டாம்: டிஐ நிறுவனத்தின் டயமண்ட் செயினுக்கு அம்பத்தூர், எல்.ஜி.பி.யின் ரோலான் செயினுக்குக் கோவை. போலி வாங்காமல் டீலரிடம் பில்லோடு வாங்குங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

கதவுக் கீல், மண்வெட்டி, சென்ட்ரிங் பலகை, கரையான் அரித்த மரம் என்று பழைய ஆயிலுக்கு ஊரில் ஆயிரம் வேலை சொல்வார்கள். பலகையில் தடவினால் கான்கிரீட்டில் கறை பிடிக்கும். மரத்தில் தடவினால் மழையில் கரைந்து மண்ணுக்குப் போகும். அடுப்பில் எரித்தால் அதிலுள்ள உலோகம் புகையோடு மூச்சில் ஏறும். பயன்படுத்திய எஞ்சின் ஆயில் எலிகளின் தோலில் புற்றை உண்டாக்கியது ஆய்வில் தெரிந்த உண்மை. கையுறை போடுங்கள், கையைப் பெட்ரோலில் கழுவாமல் சோப்பில் கழுவுங்கள்.

சாக்கடையில் ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசம். ஒரு காலன் ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து சென்னைக்கே குடிநீர் போன மாவட்டம் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீனவர்கள் பட்ட பாடும் மறந்திருக்காது.

உருப்படியான பயன் ஒன்று உண்டு: மறுசுத்திகரிப்பு. ஆயில் தேய்ந்து தீர்வதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது. அழுக்கை நீக்கினால் மறுபடி அடிப்படை எண்ணெய் கிடைக்கும். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடங்கும். 2024 ஏப்ரல் 1 முதல், தாங்கள் விற்கும் ஆயிலில் ஒரு பங்கு மறுசுழற்சிக்குப் போவதை ஆயில் கம்பெனிகளே உறுதி செய்ய வேண்டும். ஆக உங்கள் கழிவு ஆயிலுக்கு இனி கிராக்கி கூடத்தான் செய்யும்.

பட்டறையில் இதற்குச் செய்ய வேண்டியவை:

– மூடியுள்ள பேரல் ஒன்று, கூரைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில். மேலே 'கழிவு ஆயில்' என்றும், நிரப்பத் தொடங்கிய தேதியும் எழுதுங்கள். 90 நாளுக்கு மேல் தேக்கக்கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து ஆயில் சர்வீஸ் செய்கிற கடையில் மாதம் நூறு லிட்டருக்கு மேல் சேரும். 200 லிட்டர் பேரல் இரண்டு மாதத்தில் நிரம்பிவிடும்.

– கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல், செயின் கழுவிய மண்ணெண்ணெய், தண்ணீர் எதையும் அதில் கலக்காதீர்கள். கலந்தால் விலை போகாது.

– வாங்க வருகிறவரிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி நகலைக் கேளுங்கள். பில் தராதவருக்கு ஒரு லிட்டரும் கொடுக்காதீர்கள். வடிகட்டிப் புது டப்பாவில் அடைத்து விற்கிற கூட்டமும் அலைகிறது. அதனாலேயே காலி ஆயில் டப்பாவைத் தூக்கிப் போடுமுன் ஸ்குரூடிரைவரால் நாலு ஓட்டை போடுங்கள்.

– உங்கள் பட்டறைக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதை வாரியத்தின் கும்மிடிப்பூண்டி மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோப்பு பேசும்

சிப்காட் கம்பெனிகளில் சுற்றுச்சூழல் நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 14001 சான்று வைத்திருப்பவை, ஒப்பந்ததாரரின் கழிவுக் கணக்கையும் பார்க்க வேண்டியவை. கம்பெனி வண்டிகளைப் பராமரிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, 'கழிவு ஆயிலை என்ன செய்கிறீர்கள்?' என்ற கேள்வி வரும். 'யாராவது வந்து எடுத்துப் போவார்கள் சார்' என்பவருக்கும், ஓராண்டு பில்லையும் அனுமதி நகலையும் தேதி வாரியாக எடுத்து வைப்பவருக்கும் உள்ள தூரம்தான் தெருவோரக் கடைக்கும் ஒப்பந்தப் பட்டறைக்கும் உள்ள தூரம். முதல் பில்லை இந்த மாதமே வாங்கிக் கோப்பில் போடுங்கள்.