சொன்னது போய்ச் சேர்ந்ததா?

1990 ஜனவரி 25, இரவு. கொலம்பியாவிலிருந்து புறப்பட்ட அவியான்கா 52 என்ற போயிங் 707 விமானம் நியூயார்க்கை நெருங்கிவிட்டது. வானிலை மோசம், ஓடுபாதைக்கு நெரிசல். மூன்று இடங்களில் வட்டமடிக்க வைத்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. முன்னுரிமை வேண்டும் என்று விமானிகள் கேட்டார்கள். முதல் தடவை இறங்க முயன்றது பலிக்காமல் மீண்டும் மேலே ஏறியபோது, அவசரநிலை என்று சொல்லச் சொன்னார் கேப்டன். துணை விமானி வானொலியில் சொன்னதோ, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும். அன்றிரவு வானில் காத்திருந்த எல்லா விமானங்களிலும் எரிபொருள் குறைந்துகொண்டுதான் இருந்தது. அதனால் கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் அந்த வாக்கியம் தூக்கிவாரிப் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் நான்கு எஞ்சின்களும் அணைந்தன. லாங் ஐலண்டில் ஒரு குன்றின் மேல் விமானம் விழுந்து, 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

சொல்ல வேண்டியவர் சொன்னார், கேட்க வேண்டியவரும் கேட்டார். நடுவில் ஒரே ஒரு சொல் விழுந்துபோனது. வாய்ப்பேச்சைச் செம்மைப்படுத்த நினைப்பவர்கள் சொல்வளம், மேடைக்கூச்சம் என்று தொடங்குவார்கள். அதைவிட அவசரமான பயிற்சி, சொன்னது அப்படியே மறுமுனையில் இறங்கியதா என்று பார்க்கும் பழக்கம். அதைப் படிப்படியாகப் பழகலாம்.

முதல் படி, வாயைத் திறக்கும் முன் ஒரு கேள்வி. ‘இவர் எனக்கு என்ன செய்ய வேண்டும்?’ பார்க்க வர வேண்டுமா, கையெழுத்துப் போட வேண்டுமா, கேட்டுக்கொண்டால் மட்டும் போதுமா? பதில் ஒரு வரியில் மனதில் நிற்கவில்லை என்றால் பேச்சு சுற்றி வளைக்கத்தான் செய்யும்.

அடுத்தது, முக்கியமானதை முதலில் வைப்பது. நம் பேச்சுப் பழக்கத்தில் இது கொஞ்சம் கடினம்; நடந்ததை நடந்த வரிசையில் சொல்லித்தான் நமக்கு வழக்கம். டாக்டரிடம் போனால், “போன வாரம் மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு விழுப்புரம் போயிருந்தோம் டாக்டர், அங்க தண்ணி அவ்வளவு சரியில்ல...” என்று பேச்சு ஆரம்பிக்கும். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சராசரியாக ஏறத்தாழ 2 நிமிடம். ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். அந்த 2 நிமிடத்தில் பாதியை விழுப்புரம் தின்றுவிடக் கூடாது. “மூணு நாளா காய்ச்சல் டாக்டர். சாயங்காலம் ஆனா குளிர் நடுக்கம். காலையிலேருந்து ரெண்டு தடவை வாந்தி. சுகர் மாத்திரை சாப்பிடுறேன்.” இது பத்து விநாடிப் பேச்சு. விழுப்புரத்துத் தண்ணீரும் முக்கியம்தான், நோய்க்குக் காரணமே அதுவாக இருக்கலாம். ஆனால் அதன் இடம் ஐந்தாவது வாக்கியம்.

மருத்துவமனைகளே தங்களுக்குள் பேச இப்படி ஒரு வரிசையை வைத்திருக்கின்றன. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கிய முறை அது; கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவக் குழுமம் அதை வார்டுக்குக் கொண்டுவந்தது. இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, என்ன என்று நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று நான்கு கட்டம். நள்ளிரவில் டியூட்டி டாக்டருக்கு ஒரு நர்ஸ் போன் செய்தால் பேச்சு இப்படி அமையும்: “சார், மூணாவது வார்டு ஸ்டாஃப் பேசுறேன். பன்னிரண்டாம் பெட் அம்மாவுக்கு பி.பி. எண்பதுக்கு ஐம்பது இருக்கு. காலையில வயித்துல ஆபரேஷன் ஆனவங்க, அரை மணிக்கு முன்னாடி நூத்திப்பத்துக்கு எழுபது இருந்தது. உள்ள ரத்தக்கசிவு இருக்குமோன்னு சந்தேகம். நீங்க உடனே வந்து பார்க்கணும் சார்.” தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்கூட எழுந்து ஓடி வருவார். வங்கி மேலாளரிடம் போனாலும், பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனாலும் இதே நான்கு கட்டம் உதவும்.

மூன்றாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரியவர், மேலதிகாரி, முதலாளி என்று வந்துவிட்டால் விஷயத்தின் சூட்டைத் தணித்துச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்துவிடுகிறோம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு மேஸ்திரி, “சார், சென்ட்ரிங்க ஒரு தடவ பார்த்துட்டா நல்லாருக்கும்” என்றால் இன்ஜினியர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பார். “சார், சென்ட்ரிங் முட்டு ரெண்டு இடத்துல வளைஞ்சிருக்கு. கான்கிரீட் போடுறத இப்பவே நிறுத்தணும்” என்றால் அந்த நிமிடமே வருவார். இரண்டிலும் ‘சார்’ இருக்கிறது, மரியாதை குறையவில்லை. மரியாதையை விளியிலும் குரலிலும் வைத்துக்கொண்டு, ஆபத்தை அதன் பெயரிலேயே சொல்லிவிட வேண்டும். ‘அவசரம்’, ‘நிறுத்துங்க’, ‘எனக்குப் புரியல’ என்ற மூன்றையும் தயங்காமல் சொல்லத் தெரிந்தவர் தன்னையும் பிறரையும் காப்பாற்றுவார்.

நான்காவது படி, திருப்பிச் சொல்ல வைப்பது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில், மூடுபனி படர்ந்த ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கிளம்ப அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒரு கேப்டன் நினைத்தார். விமானம் காத்து நிற்கிறது என்று கோபுரத்தில் இருந்தவர் நினைத்தார். அதற்குப் பிறகு ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைத் தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்று வானொலிப் பேச்சின் விதிகள் இறுகின. முக்கிய உத்தரவுகளை விமானி வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும், வெறும் ‘சரி’ செல்லாது.

வீட்டிலும் வெறும் ‘சரி’யை நம்பக் கூடாது. மருந்துக்கடையில் “காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டால், புரியாதவரும் தலையாட்டுவார். “நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கிறேன்மா, வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க” என்று கேட்டால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற குழப்பம் அங்கேயே வெளிவந்துவிடும். பரீட்சை வைப்பது போலத் தோன்றாமல் சொல்பவர் பொறுப்பைத் தன்மேல் ஏற்றிக்கொள்வதுதான் இதில் நுணுக்கம். கேட்பவரின் இடத்தில் இருந்தால், யாரும் சொல்லாமலே திருப்பிச் சொல்லிவிடலாம்.

எண்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். போனில் எழுபதும் எண்பதும், இருபதும் அறுபதும் ஒன்றுபோலவே காதில் விழும். “ஏழு, பூஜ்யம்” என்று இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்வது நல்லது. ‘அடுத்த வெள்ளி’ என்றால் சிலர் இந்த வாரம் என்பார்கள், சிலர் அடுத்த வாரம் என்பார்கள். தேதியைச் சேர்த்தால் சண்டையில்லை. ஆம்புலன்ஸுக்காக 108-க்குப் பேசும்போது முதலில் இடம்: மாவட்டம், ஊர், பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கோயிலோ பெட்ரோல் பங்க்கோ. பாதியில் லைன் துண்டிக்கப்பட்டாலும் வண்டி கிளம்ப வேண்டிய திசை போய்ச் சேர்ந்திருக்கும். என்ன ஆயிற்று என்பது அதற்குப் பிறகு.

பயிற்சிக்குச் செலவில்லை. நாளை யாரிடமாவது பேச வேண்டிய விஷயத்தைக் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவுசெய்து கேட்க வேண்டும். குரல் அந்நியமாகத் தோன்றும். பேசும்போது நம் குரல் மண்டை எலும்பின் வழியாகவும் காதை எட்டுகிறது, பதிவில் அது இல்லை. மற்றவர்கள் கேட்பது பதிவில் வரும் குரலைத்தான். கூச்சம் போனதும், கேட்க வந்த விஷயம் எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று கவனிக்க வேண்டும். வாக்கியக் கடைசியில் குரல் விழுங்கப்படுகிறதா, ‘வந்து... வந்து’ எங்கெல்லாம் நுழைகிறது என்றும் பார்க்கலாம். பிறகு அதே விஷயத்தை அரை நிமிடத்தில் சொல்லி மறுபடி பதிவுசெய்து, முன்பின் தெரியாத யாராவது ஒருவருக்குப் போட்டுக் காட்டி, அவருக்கு என்ன விளங்கியது என்று கேட்க வேண்டும்.