டொலரின் ஊடாக இந்திய ரூபா

இந்தியாவிலிருந்து சரக்கு எடுக்கும் நம்மவர்களில் பலர், "இந்திய ரூபா இன்று எவ்வளவு?" என்று விசாரிப்பதோடு நின்று விடுகின்றனர். அந்த விலை எப்படி வருகின்றது என்பதையும் விளங்கிக் கொண்டால் கைமுதலைக் காப்பாற்றிக் கொள்ளலாம்.

இரு நாட்டு ரூபாக்களுக்கும் இடையிலான மாற்று வீதம் பெரும்பாலும் அமெரிக்க டொலரின் ஊடாகவே கணக்கிடப்படுகின்றது. ஒரு டொலருக்கு இங்கே எத்தனை ரூபா, இந்தியாவில் எத்தனை ரூபா என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை கிடைக்கும்.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் இங்கே சுமார் 203 ரூபா. இந்தியாவில் சுமார் 76 ரூபா. அதன்படி ஓர் இந்திய ரூபா 2 ரூபா 67 சதம். அம்மாதம் மத்திய வங்கி, தான் பிடித்து வைத்திருந்த வீதத்தைத் தளர்த்தியது. மே நடுப்பகுதியில் டொலர் இங்கே சுமார் 360 ஆனது. இந்தியாவில் சுமார் 77.50. ஓர் இந்திய ரூபா 4 ரூபா 65 சதமாகியது. இந்திய ரூபாவும் சற்று இறங்கியிருந்தது. நமது ரூபா அதைவிடப் பன்மடங்கு இறங்கியதே இம்மாற்றத்துக்குக் காரணம்.

இதைக் கடைக்குள் கொண்டு வந்து பார்ப்போம். மார்ச்சில் 500 இந்திய ரூபாவுக்கு எடுத்த சாரியின் அடக்கம், தீர்வையும் கூலியும் நீங்கலாக, 1,335 ரூபா. மே மாதத்தில் அதை 1,600 ரூபாவுக்கு விற்றவருக்கு 265 ரூபா இலாபம் என்று கொப்பி சொல்லும். ஆனால் அந்த 1,600 ரூபாவுக்கு அன்று கிடைப்பது 344 இந்திய ரூபாவின் சரக்கு மட்டுமே. அதே சாரியை மீண்டும் எடுக்க 2,325 ரூபா வேண்டும். இலாபம் என்று எண்ணியது உண்மையில் முதல் கரைந்ததாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 இறுதியில் டொலர் 293 ரூபா அளவுக்கு இறங்கியிருந்தது. உயர்ந்த வீதத்தில் வாங்கிக் குவித்த சரக்கு, வீதம் இறங்கியதும் மலிவாக வரும் புதுச் சரக்கோடு போட்டியிட வேண்டி வரும். ஆகவே, விலை ஏறும் என்ற எண்ணத்தில் கடன்பட்டுச் சரக்கை அடுக்குவதும் ஆபத்தானது.

வங்கி இரண்டு வீதங்களை அறிவிக்கும். இறக்குமதி செய்பவர் பார்க்க வேண்டியது வங்கி டொலரை விற்கும் வீதத்தையே. கடனுக்குச் சரக்கு எடுத்தால், ஓடர் கொடுத்த நாளின் வீதமல்ல, பணம் கட்டும் நாளின் வீதமே உங்கள் அடக்கத்தைத் தீர்மானிக்கும். விற்ற பணத்திலிருந்து அதே சரக்கை இன்று மீண்டும் எடுக்கத் தேவையானதை முதலில் ஒதுக்குங்கள். எஞ்சுவதே இலாபம்.