பாற்பல்லின் வேர்

பாற்பல்லுக்கு வேரில்லை என்பது நம்மவருள் நெடுங்காலமாக வழங்கும் கொள்கை. விழுந்த பல்லைக் கையிலெடுத்து நோக்குவார்க்கு அஃது உண்மையெனவே தோன்றும். அதனைச் சாணத்துட் பொதிந்து கூரைமேல் எறிந்துவிட்டு, வேறொன்று முளைக்குமெனக் கவலையற்றிருத்தல் மயிலாப்பூர்ப் பழைய மனைகளில் வழக்கமாயிருந்தது. ஓட்டுக்கூரை அருகித் தியாகராய நகரில் அடுக்கு மாடங்கள் எழுந்த பின்னரும் அக்கொள்கை மட்டும் ஒழிந்திலது. எழுத்துக்களின் பிறப்பிடம் எட்டனுள் பல்லையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். ஆகலின் தமிழ் பயில்வோராகிய எமக்கும் பல் புறம்பான பொருளன்று. அக்கொள்கை பொருந்துமாவென ஈண்டு ஆராய்வாம்.

பாற்பற்கள் 20, அவற்றுட் கடைவாய்ப்பற்கள் 8. மேல்வாயிலுள்ளவை மும்மூன்று வேரும், கீழ்வாயிலுள்ளவை இவ்விரண்டு வேரும் உடையனவாதல் பொதுவியல்பு. அவ்வேர்கள் மெல்லியன; பல்லின் கழுத்தருகிலிருந்தே அகன்று விரிவன. அங்ஙனம் விரிதல் எற்றுக்கெனின், பின்வரும் முன்கடைவாய்ப்பல்லின் முளை அவற்றின் இடையே தங்கி வளர்தற்கென்க. அம்முளை வெளிவரப் புகுங்கால் பாற்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரையும். ஆகவே, விழுந்த பல் வேரின்றித் தோன்றுவது வேர் இல்லாமையாலன்று. தன் பணி முடித்துக் கரைந்தமையாலேயாம். இடையில் அப்பல் சொத்தையுற்றுச் சீழ் கொள்ளின், அந்நோய் வேர்களின் நடுவே இறங்கி, உள்ளிருக்கும் முளையின் மேற்பூச்சையும் கெடுத்தல் கூடும்.

நிலைத்த கடைவாய்ப்பற்களின் வேர்கள் தடித்து நீண்டவை. தொகையிற் பெரும்பாலும் முன்னவற்றையே ஒப்பன. ஆயினும், இலக்கணத்திற் புறனடைபோல இங்கும் வேறுபாடுகள் உள. கீழ்வாய் முதற் கடைவாய்ப்பல்லில் நாவின் பக்கமாக மூன்றாம் வேரொன்று சிலர்க்கு உண்டு. வியன்னா நகரத்துக் கரபெல்லி என்பார் 1844இல் இதனை விளக்கினார். சீனர் முதலிய கீழ்த்திசை மக்களிடை இது மிகுதி; ஐரோப்பியரிடை அரிது. பாற்பல்லிலும் இவ்வேர் காணப்படுவதுண்டு. கீழ்வாய் இரண்டாம் கடைவாய்ப்பல்லில் இரு வேரும் ஒட்டி, உட்குழல் பிறைபோல் வளைதலும் உண்டு. உடல் நீண்டு வேர் குறுகிய பல்லுக்குக் காளைப்பல் என்னும் பொருள்படப் பெயரிட்டவர் ஆர்தர் கீத், ஆண்டு 1913. இவற்றை அறிதலாற் பயன் யாதெனின், மறைந்த வேரொன்றைத் தூய்மை செய்யாது விடின் நோய் மீளும் என்பதே. எக்ஸ்ரே படத்தில் ஒரு வேர் மற்றொன்றின் பின் ஒளிதல் கூடுமாதலின், கோணம் மாற்றி மறுபடமும் எடுப்பர்.

இனிப் பெற்றோர் மறவாது கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நிலைத்த முதற் கடைவாய்ப்பல், ஏறக்குறைய ஆறாம் வயதில், எப்பல்லும் விழாமலே பாற்பற்களின் பின்னே முளைக்கின்றது. அதன் வேர் முற்றுவதற்கோ மேலும் மூன்றாண்டளவு வேண்டும். யாம் அறிந்த மயிலாப்பூர்ச் சிறுவன் ஒருவன் ஏழு வயதில் அப்பல் நோவதாக அழுதபோது, "பாற்பல்தானே, விழுந்துவிடும்" என்றனர் வீட்டார். யாமும் அருகிருந்து அதனையே கூறினோம். ஒன்பதாம் வயதில் அதனைப் பிடுங்க நேர்ந்தது. அவ்விடத்து இனி வேறு பல் முளையாதென மருத்துவர் உரைத்தபோது அவன் தாய் எம்மை நோக்கினார், எமக்கு விடையில்லை.

சென்னையில் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1953இல். அத்தகைய இடங்களுக்குக் காலத்தே பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் அரிதன்று. தந்தையர் தவற்றால் மைந்தர் பல் கூசும் என்னும் பழமொழியை மக்கள் இனிச் சொல்லார் என்றார் எரேமியா தீர்க்கதரிசி. பல்லைப் பொறுத்தமட்டில் அந்நாளை விரைவிற் கொணர்தல் நம் கையிலேயே உளது.